தாகத்துக்குத் தா: தரங்கம்பாடியிலிருந்து பாளையங்கோட்டை வரை

நாள் 1: எழும்பூரிலிருந்து மயிலாடுதுறை

பத்துப் பன்னிரண்டு வருடமாக நான் எங்கே பயணம் போனாலும் பையின் முன் அறையில் ஒரு கட்டு கைப்பிரதி, அதாவது இயேசுவைப் பற்றிய சின்னத் துண்டுப் பிரசுரங்கள், இருக்கும். பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஒன்று கொடுத்து, நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவேன். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. போன மார்ச் மாதம் ஒரு பஸ்ஸில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஒன்று கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். நான் இறங்க எழுந்தபோது, "அக்கா, ஒரு மணி நேரமா பக்கத்துலயே இருந்தீங்க. ஏன் அழுறேன்னு ஒரு வார்த்தை கேக்கலையே" என்றாள். அதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி தூங்கவே முடியவில்லை. இன்றுவரை அவளுக்காக ஜெபிக்கிறேன்.

அதற்காகத்தான் இந்த ஐந்து நாள். பையில் இந்த முறை ஒரு கைப்பிரதிகூட எடுத்து வைக்கவில்லை. தரங்கம்பாடி, தஞ்சாவூர், பாளையங்கோட்டை, மூன்றையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் முன்பின் தெரியாதவர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேச முதலில் வாய் திறந்தவர்களில் சிலர் நடந்த இடங்கள் அவை. அவர்கள் எப்படி ஆரம்பித்தார்கள் என்று நேரில் போய் நின்று யோசிக்க ஆசை. கூடவே ஒரு தீர்மானம்: ஒரு நாளைக்கு ஒருவரிடமாவது பேசுவது, அதிலும் முதலில் நான் கேட்பது, அவர் சொல்வது.

விழுப்புரத்தில் ஒரு பெரியவர் ஏறி எதிரில் உட்கார்ந்தார். மடியில் மஞ்சள் துணிப்பை, அதை இரண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தார். கடலூர் தாண்டும்வரை எனக்குப் பேச்சே வரவில்லை. கைப்பிரதி இல்லாமல் எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். கடைசியில் "ஐயா, எங்கே இறங்கணும்?" என்று கேட்டேன், அவ்வளவுதான். வைத்தீஸ்வரன்கோவில் என்றார். பையைத் திறந்து காட்டினார். உள்ளே உப்பும் மிளகும் தனித்தனிப் பொட்டலமாக. மகளுக்காக நேர்ந்துகொண்டதாம். இரண்டு வருடமாகச் சிறுநீரகக் கோளாறு, வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், மருமகன் விட்டுவிட்டுப் போய்விட்டார். இதைச் சொல்லும்போது பொட்டலத்தின் நூலை அவிழ்ப்பதும் திரும்பக் கட்டுவதுமாக இருந்தார். சிதம்பரம் வரும்வரை அவரேதான் பேசினார்.

அப்புறம் அவர் கேட்டார், "நீ எங்கம்மா போற?"

தரங்கம்பாடியில் பழைய தேவாலயம் ஒன்றைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"வேதக்காரங்களா?"

"ஆமாங்கய்யா. உங்க மகளுக்காக நான் ஜெபம் பண்ணலாமா?"

"எந்தச் சாமிகிட்ட கேட்டா என்னம்மா, கேளு."

ஒரு நிமிடம் தடுமாறினேன். அதைத் திருத்துவதா, விட்டுவிடுவதா? திருத்தவில்லை. ஆனால் மறைக்கவும் மனம் இல்லை. "நான் இயேசுகிட்டதான் கேப்பேன் ஐயா, எனக்குத் தெரிஞ்சவர் அவர்தான்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "தெரிஞ்சவங்ககிட்டதானே கேக்க முடியும்" என்று சொல்லிவிட்டு மகளின் பெயரைச் சொன்னார். வைத்தீஸ்வரன்கோவிலில் அவர் இறங்கும்வரை அந்தப் பெயரைச் சொல்லி மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே வந்தேன். பெயரை இங்கே எழுதவில்லை. வாசிக்கிற நீங்களும் அந்த மகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி மயிலாடுதுறையில் தங்கல். முன்சீபாக இங்கே இருந்த வேதநாயகம் பிள்ளை 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' எழுதிய ஊர் இது.

நாள் 2: தரங்கம்பாடி

ஊர் வாசலில் 1792 ஆம் ஆண்டின் டேனிஷ் வளைவு. அதற்குள் நுழைந்தால் நேராகக் கடலுக்குப் போகிற ராஜவீதி. 1620 இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் கொடுத்த உடன்படிக்கையால் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை ஒரு பக்கம், 1306 இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்து இப்போது அலை அடித்துப் பாதி போய்விட்ட மாசிலாமணிநாதர் கோயில் இன்னொரு பக்கம். நடுவில் வெறும் மணலும் கடலும்.

1706 ஜூலை 9 அன்று ஜெர்மன் மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு இறங்கியது இந்தக் கரையில். மறுநாள்தான் அவருக்கு 24 வயது. கூட ஹென்ரிக் புளூட்சோ. டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பி வைத்திருந்தாலும் இங்கிருந்த டேனிஷ் அதிகாரிகளுக்கு அவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. சொல்ல வந்ததைச் சொல்ல அவரிடம் வாய் இல்லை. அவர் என்ன செய்தார் என்பதுதான் காலையிலிருந்து என் மனதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வயதான ஒரு திண்ணைப்பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு வரச்சொல்லி, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுதிப் பழகினார்.

நானும் கரையில் உட்கார்ந்து ஈர மணலில் 'அ' எழுதிப் பார்த்தேன். சுழித்து வளைத்துக் கொண்டுவர ஈர மணல் லேசில் விடுவதில்லை, விரல்நுனியில் அந்தச் சொரசொரப்பு ரொம்ப நேரம் இருக்கிறது. போதகர் என்று வந்தவர் மாணவனாக உட்கார்ந்தார் என்பதைப் பலமுறை வாசித்திருக்கிறேன், பிரசங்கத்திலும் கேட்டிருக்கிறேன். தரையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அது எனக்குள் இறங்கியது. எட்டு வயதுப் பையன் "அப்படி இல்லை" என்று கையைப் பிடித்துத் திருத்தியிருப்பான் அல்லவா?

மீனவர் ஒருவர் படகு நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். பச்சை நைலான் வலை, கையில் பிளாஸ்டிக் ஊசி, கால் பெருவிரலில் வலையின் ஓரத்தை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். எப்படிக் கிழிந்தது அண்ணே என்று கேட்டேன். "நண்டு. மாட்டுனா கடிச்சுத் தள்ளிடும்." ஒரு முடிச்சு எனக்குச் சொல்லித்தர முடியுமா என்றேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டு இடம் விட்டார். கண்ணியின் அளவுக்கு விரலை வைத்து நூலைச் சுற்றி, ஊசியை அடியில் விட்டு மேலே இழுக்க வேண்டும். அவர் இழுத்தால் முடிச்சு நிற்கிறது, நான் இழுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஏழாவதோ எட்டாவதோ தடவையில் நின்றது. "அதான்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு பேச்சு தானாக வந்தது.

2004 டிசம்பர் 26 பற்றிச் சொன்னார். சுனாமியில் அவர் இழந்தவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அவருடையது. அதற்குப் பிறகு வந்தவர்களைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "அரிசி கொண்டாந்தாங்க, போர்வை கொண்டாந்தாங்க, புண்ணியம் அவங்களுக்கு. ஆனா எல்லாரும் சொல்லிட்டுதான் போனாங்க. உக்காந்து கேட்டவங்க கம்மி." வந்தவர்களில் என்னைப் போல வேதம் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். எனக்குப் பேச ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

எதற்கு வந்தேன் என்று விசாரித்தார். சீகன்பால்கு கல்லறையைப் பார்க்க என்றதும், "எங்க ஊர்க்காரரு" என்றார். முன்னூறு வருடம் முன்னால் சாக்சனியிலிருந்து வந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர்போல அவர் சொன்ன விதத்தில் என் தொண்டை அடைத்துவிட்டது.

"உங்க சாமி மீன்பிடிக்கிறவங்க கூடத்தானே சுத்துனாரு?" என்று அவரே கேட்டார்.

ஆமாம் என்று பேதுருவின் கதையைச் சொன்னேன். ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒன்றும் கிடைக்காமல், காலையில் கரையில் வலையை அலசிக்கொண்டிருந்தபோது இயேசு வந்து படகில் ஏறி, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளச் சொல்லிக் கேட்டார் என்றேன்.

அவர் ஊசியை நிறுத்திவிட்டார். "ஒண்ணும் கிடைக்காம வந்தவன்கிட்ட காலையில வந்து படகு கேட்டாரா? திட்டிருப்பான்."

"திட்டல அண்ணே. தள்ளிக் குடுத்தார்."

"அப்போ அவரு கேட்ட விதம் அப்படி இருந்திருக்கும்" என்றார்.

லூக்கா 5 ஆம் அதிகாரத்தை எத்தனை தடவை வாசித்திருப்பேன்! அதிசயமாக மீன் கிடைத்த இடத்திலேயே என் கண் நிற்கும். படகைக் கேட்ட இடம் ஒரு வசனமாகக் கடந்து போகும். களைத்துப்போன ஒரு தொழிலாளியிடம் உதவி கேட்டு ஆரம்பிக்கிறார் ஆண்டவர். வலை பொத்துகிற ஒரு மனிதர் சொல்லித்தான் அந்த வசனம் எனக்குத் திறந்தது.

சாயங்காலம் புது எருசலேம் ஆலயம். முகப்பில் அரசரின் முடி பொறித்த முத்திரை. 1718 அக்டோபர் 11 இல் பிரதிஷ்டை பண்ணினார்கள். நாலு மாதம் முடிந்து கொஞ்ச நாளில், 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் சீகன்பால்கு இறந்து, அதே ஆலயத்தில் பலிபீடத்துக்கு அருகே அடக்கம் ஆனார். உள்ளே நல்ல குளிர்ச்சி. யாரும் இல்லை. அரை மணி நேரம் முழங்காலில் இருந்தேன்.

நாள் 3: தரங்கம்பாடியிலிருந்து தஞ்சாவூர்

இன்றைக்குக் கடினமான நாள். எழுத யோசித்தேன், ஆனால் நல்லதை மட்டும் எழுதினால் இந்த நாட்குறிப்புக்கு அர்த்தம் இல்லை.

மயிலாடுதுறை பஸ்ஸில் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், நான் தொந்தரவு செய்யவில்லை. அவளே ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் மடியில் இருந்த வேதாகமத்தைப் பார்த்து, "ஆன்ட்டி, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? நீங்கல்லாம் எங்ககிட்ட பேசுறதே மதம் மாத்தத்தானே?" என்றாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முன் இருக்கையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

'இல்லைம்மா, சும்மா பேசுறோம்' என்று சொல்லியிருந்தால் பிரச்சினை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அது பொய். "எனக்குக் கிடைச்ச சமாதானம் உனக்கும் கிடைக்கணும்னு ஆசை இருக்கும்மா. அதை மறைக்க மாட்டேன். ஆனா உன்னை மாத்துறது என் கையில இல்லை. நீ வேண்டாம்னு சொன்னா இந்தப் பேச்சு இதோட நிக்கும், நீ என்ன படிக்கிறேன்னு கேப்பேன், அவ்வளவுதான்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். விடுதியில் அவளுக்கு நெருங்கிய தோழி ஒருத்தி, கிறிஸ்தவள். இவளுடைய அம்மாச்சி இறந்து ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த அன்றைக்கு, அந்தத் தோழி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உன் அம்மாச்சி நரகத்துக்குத்தான் போயிருப்பார், நீயாவது இப்போது மனந்திரும்பு என்று சொன்னாளாம். "என்னைத் தூக்கி வளர்த்தது அம்மாச்சிதான் ஆன்ட்டி" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

அந்தத் தோழி கெட்டவள் இல்லை, எனக்குத் தெரியும். அந்த வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். மற்றவர்களின் ஆத்துமாவைப் பற்றிய கவலை, 'ஆத்தும பாரம்', என்று சொல்லிக்கொண்டு எதிரில் இருக்கிற ஆத்துமாவைப் பார்க்காமல் பேசியிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன், தோழிக்காகவும் எனக்காகவும். அம்மாச்சியைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். மயிலாடுதுறை வரும்வரை அவர் செய்கிற முறுக்கு, அவர் சொல்கிற பழமொழி, அவர் கட்டிக்கொள்கிற சுங்குடிப் புடவை என்று எல்லாம் சொன்னாள். இயேசுவின் பெயரை நான் மறுபடி எடுக்கவே இல்லை. இறங்கும்போது, "நீங்க நல்லாப் பேசுறீங்க ஆன்ட்டி" என்றாள். நான் பேசவே இல்லையே என்று அப்புறம்தான் தோன்றியது.

இந்தக் கேள்வி புதிதல்ல என்பதையும் எழுதிவிடுகிறேன். சீகன்பால்கு ஊர் ஊராக நடந்து பிராமணர்களோடும் வணிகர்களோடும் கிராமத்து மக்களோடும் சமயம் பேசியதை எழுதி அனுப்பியிருக்கிறார், அதில் முப்பத்து நான்கு உரையாடல்கள் 1719 இல் லண்டனில் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தன. தமிழர்கள் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு குறை, தரங்கம்பாடியில் இருந்த ஐரோப்பியரின் குடியும் நடத்தையும். இவர்கள் வாழ்க்கையைப் பார்த்துவிட்டு உங்கள் மார்க்கத்தை எப்படி நம்புவது என்ற கேள்வி. அவர் அந்தக் குறைகளை மறைக்காமல் எழுதி ஐரோப்பாவுக்கே அனுப்பினார், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1712 லிருந்து தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி அவர்கள் பதிலைக் கடிதமாக வாங்கியதும் உண்டு. அந்தக் கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகின.

இன்னொன்று. 1708 இல் அவர் உலகநீதியையும் கொன்றைவேந்தனையும் நீதிவெண்பாவையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். அதே வருடம் அக்டோபரில்தான் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். நவம்பரில் டேனிஷ் அதிகாரியோடு தகராறாகிக் கோட்டையில் நாலு மாதம் சிறை. 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பை முடித்தார், 1715 இல் முழுதும் அச்சில் வந்தது. இந்த வரிசையைப் பாருங்கள். 'ஓதாமல் ஒருநாளும் இருக்க வேண்டாம்' என்று திண்ணைப்பள்ளிப் பிள்ளைகள் சொன்னதை முதலில் அவர் கற்று, மதித்து, தன் ஊர்க்காரர்களுக்கு எடுத்துப் போனார். தன்னிடம் இருந்ததை அதற்கப்புறம்தான் இங்கே வைத்தார்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, நிறையப் பேர் கேட்கிறீர்கள். அரசியல் சாசனத்தின் 25 ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. பரப்புகிற உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றுகிற உரிமை ஆகாது என்று 1977 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எடுத்துச் சொல்வது நம்முடையது, தீர்மானம் கேட்கிறவருடையது. பஸ்ஸில் அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னதும் அதுதான், சட்டத்துக்காகச் சொல்லவில்லை என்றாலும்.

நாள் 4: தஞ்சாவூர்

இன்றைக்கு யாரிடமும் பேச்சு அமையவில்லை. ஆட்டோ ஓட்டியவர் முழுவழியும் போனில் கடன் தவணை பற்றிப் பேசிக்கொண்டே வந்தார், பாவம், அந்த நிலையில் என்ன கேட்பது. இறங்கும்போது "எல்லாம் சரியாகும் தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

சிவகங்கைப் பூங்கா பக்கத்தில் இருக்கிற ஸ்வார்ட்ஸ் ஆலயத்துக்குப் போனேன். 1779 இல் கட்டியது. உள்ளே ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய வெள்ளைப் பளிங்குச் சிற்பம். சாகக் கிடக்கிற ஸ்வார்ட்ஸ் படுக்கையில், பக்கத்தில் தலைப்பாகையோடு மன்னர் இரண்டாம் சரபோஜி அவர் கையைப் பிடித்தபடி. சரபோஜியே செய்வித்தது இது. ரொம்ப நேரம் அந்த இரண்டு கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிறிஸ்டியன் பிரெடெரிக் ஸ்வார்ட்ஸ் 1750 இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி, 1798 இல் இறக்கும்வரை ஊர் திரும்பவே இல்லை. சிறுவன் சரபோஜிக்கு ஆசிரியராகவும் காப்பாளராகவும் இருந்தார். அந்தச் சிறுவன் வளர்ந்து மன்னரானார், கிறிஸ்தவர் ஆகவில்லை. கடைசிவரை தன் முன்னோர் சமயத்திலேயே இருந்தார். ஆனாலும் ஸ்வார்ட்ஸின் கல்லறைக்குத் தன் கையாலேயே ஆங்கிலத்தில் பாட்டு எழுதினார். ஊழிய அறிக்கையில் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் சரபோஜியை எங்கே எழுதுவீர்கள்? என் சபையில் அந்தக் கட்டத்தை நிரப்புகிறவளே நான்தான். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

ஸ்வார்ட்ஸ் வளர்த்த இன்னொரு பையன் வேதநாயக சாஸ்திரியார். அவர் வேறு வழியில் போனார். ஊர் ஜனங்களுக்குப் பழக்கமான குறவஞ்சியை எடுத்து, குறி சொல்லும் குறத்தியை ஞானக் குறத்தியாக்கி 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். சரபோஜிக்கும் அவர் சிநேகிதர்.

வாசகர் ஒருவர் எப்படித்தான் ஆரம்பிப்பது, ஏதாவது வழி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். நான்கு நாளில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். எதிரில் இருப்பவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள், வழியோ, தொழிலோ, அவர் கையில் இருக்கிற பொருளோ. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் மட்டும் கேளுங்கள், நடிப்பை யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எழுந்து போக முடியாதவரிடம் ஆரம்பிக்காதீர்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவர், ஜன்னலோரம் மாட்டிக்கொண்டவர், உங்களிடம் சம்பளம் வாங்குகிறவர். அவர் கேட்டால் அது வேறு. அப்போஸ்தலர் 8 இல் பிலிப்பு ரதத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறார், உள்ளே இருக்கிற எத்தியோப்பியன் வாசிப்பதைக் கேட்கிறார், "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்கிறார். ஏறி உட்காருங்கள் என்று அந்த மனிதர் வேண்டிக்கொண்ட பிறகுதான் ஏறுகிறார். உங்கள் சாட்சியைச் சொல்லும் நேரம் வந்தால் சுருக்கமாக, உங்களுக்கு நடந்ததை மட்டும். என் அம்மாவின் கடைசி நாட்களில் எனக்குக் கிடைத்த ஆறுதலை நான் மூன்று நிமிடத்தில் சொல்வேன். அதற்குமேல் போனால் பிரசங்கம் ஆகிவிடுகிறது.

ராத்திரி பஸ். மதுரையில் மாற வேண்டும்.

நாள் 5: பாளையங்கோட்டை

வெயில் தாங்கவில்லை. காலை பத்து மணிக்கே தார் ரோட்டில் கானல் ஓடுகிறது.

குளோரிந்தா கட்டிய ஆலயத்தைத் தேடி வந்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் மராத்தியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, இளம்வயதில் விதவையான பெண். ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்து அவரிடமிருந்து கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஞானஸ்நானம் கேட்டபோது ஸ்வார்ட்ஸ் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778 இல் கொடுத்தார். 1780 இல் எழுதிய பாளையங்கோட்டை சபைப் பதிவேட்டில் நாற்பது பேர், முதல் பெயர் இவருடையது. 1785 இல் ஆலயம் கட்டினார். ஊர் ஜனம் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோவில் என்கிறது. அவர் வெட்டிய கிணற்றுக்கும் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றே பெயர். ஒரு முறை மறுக்கப்பட்ட பெண், மறுத்தவரிடமே தஞ்சாவூருக்குப் போய் எங்கள் சபைக்கு ஒரு உபதேசியாரை அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்தத் துணிச்சலை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் இத்தனை சபைகள் எழும்பியதற்கு ஒரு விதவையின் விடாப்பிடியும் காரணம்.

ஆலயத்திலிருந்து திரும்பும்போது என் பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கடை எதுவும் கண்ணில் படவில்லை. தெருவில் ஒரு வீட்டு வாசலில் ஒரு அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நெற்றியில் பெரிய குங்குமம், அறுபது வயதிருக்கும். "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றேன். கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது உறைத்தது. ஐந்து நாளாக எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன், இப்போது யோசிக்காமல், தாகத்தில் கேட்டுவிட்டேன்.

சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார், பானைத் தண்ணீர், வெட்டிவேர் வாசனையோடு. "வெயில்ல எங்க போயிட்டு வாரீய? உக்காருங்க" என்று திண்ணையைத் துடைத்துவிட்டார். நானும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து உருவ ஆரம்பித்தேன். தனியாகவா வந்தீர்கள், வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா, பிள்ளைகள் எத்தனை, எல்லாம் விசாரித்தார். அவருக்கு இரண்டு மகன்கள், இரண்டு பேரும் வெளிநாட்டில். வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருடம். மத்தியானத்தில்தான் வீடு ரொம்பச் சும்மா இருக்கும் என்றார். டிவியைப் போட்டு வைப்பாராம், பார்க்க அல்ல, சத்தத்துக்கு.

"பாப்பாத்தியம்மா கோயிலுக்கா வந்தீய? அந்தக் கிணத்துத் தண்ணி நல்லா இருக்கும்னு எங்க மாமியார் சொல்லுவாவ."

கிணறு என்றதும், எங்கள் வேதத்திலும் ஒரு கிணற்றுக் கதை உண்டு அக்கா என்றேன்.

"சொல்லுங்களேன்."

சொன்னேன். உச்சி வெயிலில், நடந்த களைப்போடு இயேசு கிணற்றோரம் உட்கார்ந்திருந்தது. ஒரு சமாரியப் பெண் தனியாகத் தண்ணீர் மொள்ள வந்தது. யாரும் வராத நேரத்துக்கு அவள் ஏன் வந்தாள் என்று இந்த அக்காவே கேட்டு, "ஊர் வாய்க்குப் பயந்திருப்பா" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "தாகத்துக்குத் தா" என்று இயேசு அவளிடம் கேட்டது. உங்க ஆளுங்க எங்ககூடப் பழக மாட்டாங்களே, எங்கிட்ட எப்படிக் கேக்கிறீங்க என்று அவள் திருப்பிக் கேட்டது. ஐந்து பேரைக் கட்டினவள், இப்போது இருக்கிறவன் புருஷன் அல்ல என்று அவர் சொன்னபோது அதில் ஏச்சு இல்லாமல் இருந்தது. ஜீவத்தண்ணீர். அவள் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடியது.

கீரை உருவுகிற கை எப்போதோ நின்றிருந்தது. "அவளைத் திட்டவே இல்லையா?"

"இல்லக்கா."

"எல்லாம் தெரிஞ்சும்?"

"எல்லாம் தெரிஞ்சும்."

ரொம்ப நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அப்புறம் திரும்பி, "சரி, கடைசியில தண்ணி குடுத்தாளா இல்லையா?" என்றார்.

இத்தனை வருடத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இந்தக் கதையை எழுதிய யோவான் அதை எழுதவே இல்லை. "எழுதலக்கா. குடத்தை வச்சிட்டு ஓடுனான்னுதான் இருக்கு."

"குடம் அங்கனதான இருந்துச்சு. கயிறும் இருந்திருக்கும். மொண்டு குடிச்சிருப்பாரு" என்றார். சொல்லிவிட்டு என் சொம்பை வாங்கி, மறுபடி நிறைத்து வர உள்ளே போனார்.

நான் பிடிக்க வேண்டிய பஸ் அதற்குள் போய்விட்டது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான், அதுவரை இங்கேயே இருங்கள், மோர் கலக்கித் தருகிறேன் என்கிறார். இதை அவர் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.